சூசைநாதன் போட்ட இரண்டாவது கோடு

சனிக்கிழமை காலை பத்து மணியிருக்கும். வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கடையொன்றில் மரவள்ளிக்கிழங்குப் பொரியல் வாங்கிக்கொண்டு நின்றேன். கைத்தொலைபேசி அடித்தது. திரையில் சூசைநாதனின் பெயர். நான் பஸ் ஏறிவிட்டேனா என்று கேட்பதற்குச் சனிக்கிழமைகளில் அவர் எடுப்பது வழக்கம். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வருமுன்பே, வந்துகொண்டிருக்கிறேன், பொரியல் உறைப்புப் போட்டதா போடாததா என்று கேட்டேன்.

 கேட்டது ஒரு பெண்ணின் குரல்.

"மிஸ், நான் பிலோமினா. இவர் மோசம் போயிட்டார்."

பிலோமினா அவருடைய மனைவி. காலைப் பூசைக்குப் போய்வந்து, உடுப்பை மாற்றிக்கொண்டு, வீட்டின் பின்பக்கத்துப் பட்டறைக்குப் போனவர் ஸ்டூலில் இருந்தபடியே மேசையில் சாய்ந்து இறந்துபோனாராம். தேநீர் கொண்டுபோன பிலோமினா அவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்து முதலில் ஏசினாராம். இதைக் கேட்டுக்கொண்டு நின்ற என்னிடம் கடைக்காரர் எந்தப் பொரியல் வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார். நான் இரண்டையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கொட்டாஞ்சேனையில் இறங்கி அவர்களுடைய ஒழுங்கைக்குள் திரும்பியபோது மரணவீட்டு வெள்ளைக்கொடி கட்டத் தொடங்கியிருந்தார்கள். அப்போதுதான் என் கையில் பொரியல் பை இருப்பதைக் கண்டேன்.

சூசைநாதனுக்கு வயது அறுபத்திரண்டு. என்னைவிட ஒரு வயது இளையவர். போகிற வயதில்லை, போகிற முறையுமில்லை.

இந்த நினைவுமலரில் என்னை எழுதச் சொன்னவர் பிலோமினா. சூசைநாதனின் இடது கண் எப்படிப் போனது என்பதை நான் எழுதவேண்டும், அதை எழுதாவிட்டால் வேறெதையும் எழுதவேண்டாம் என்று கட்டாயமாகச் சொன்னார். அது நியாயம். பதினெட்டு வருடமாக எல்லோருக்கும் தெரிந்த கதை பொய். உண்மை தெரிந்திருந்தது இரண்டு பேருக்குத்தான். அவர்களில் ஒருவர் போய்விட்டார். அவரை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

கொம்பனித்தெருவில் ஒரு சிறிய தனியார் ஆய்வுகூடம் இருந்தது. இப்போது இல்லை. கட்டிட வேலைக்காரர்களும் கல் உடைப்பவர்களும் பாறைத் துண்டுகளைக் கொண்டுவந்து தருவார்கள். அவற்றைப் பலகை பலகையாக அரிந்து, சிலவற்றை மெல்லியதாகத் தேய்த்து, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, இந்தக் கல் பாரம் தாங்குமா தாங்காதா என்று அறிக்கை எழுதிக் கொடுப்போம். நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதுவது என் வேலை. அரிவதற்குத்தான் சூசைநாதன் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. நான் அதிகாரி. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது என்பதை இவ்விடத்திலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அரியும் இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வந்தது. வைரத்தூள் பதித்த வட்ட வாள் ஒன்று தண்ணீருக்குள் சுழலும். கல்லைப் பிடித்துக்கொள்ள இயந்திரத்தோடு ஒரு கிளாம்பும் வந்திருந்தது. இரண்டு தட்டையான இரும்புத் தாடைகள், நடுவில் ஒரு திருகாணி. செங்கல் மாதிரி ஒரு கல் இருந்தால் அதைவிட நல்ல கிளாம்ப் இல்லை. ஆனால் செங்கல் வடிவத்தில் கடவுள் கல்லைப் படைக்கவில்லை. அதனால் சூசைநாதனுக்கு முன்பு வேலை செய்தவர் ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் இரண்டு பக்கம் தட்டிச் சமப்படுத்தி, பிறகு கிளாம்பில் பூட்டுவார். தட்டும்போது கல்லின் பாதி தூளாகிவிடும்.

சூசைநாதன் வந்த முதல் கிழமையே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"கல்லை ஏன் மாத்தவேணும், மிஸ்? கிளாம்பை மாத்துவம்" என்றார்.

வந்து ஐந்து நாள் ஆகவில்லை, இயந்திரத்தில் கைவைக்கிறாரே என்று எனக்குச் சுர்ரென்று வந்தது. செய்து காட்டுங்கள் பார்ப்போம் என்று சொன்னேன். செய்து காட்டமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு பையோடு வந்தார். வீட்டில் உடைந்துபோன கட்டிலின் பலாமரச் சட்டத்தை அறுத்த இரண்டு கட்டைகள். மருதானையில் வாங்கிய, நீளம் முழுவதும் மரை போட்ட இரும்புக் கம்பிகள் இரண்டு. நட்டும் வாஷரும். பழைய சைக்கிள் டியூப். கட்டைகளைத் துளைத்துக் கம்பிகளைக் கோத்து, கல் படும் பக்கத்தில் டியூப் றப்பரை ஒட்டினார். ஒரு கட்டை வெறும் சமதளம். மற்றக் கட்டையில் மூன்று துளை போட்டு மூன்று போல்ட்டுகளை முடுக்கினார். மூன்றையும் வேண்டிய அளவு உள்ளே வெளியே திருகலாம். கல் எந்தக் கோணலில் இருந்தாலும் மூன்று முனையும் அதைத் தேடிப்போய்த் தொடும். ஏன் நான்கு போடவில்லை என்று கேட்டேன். நான்கு கால் மேசை ஆடும், முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்றார். பல்கலைக்கழகத்தில் படித்த எனக்கு அது தோன்றவில்லையே என்று அன்று முழுவதும் எரிச்சலாக இருந்தது.

மூன்று போல்ட்டுக்கும் அடங்காத கற்களுக்கு அவர் கூடு செய்வார். மாஜரின் தகரம் ஒன்றில் பாரிஸ் சாந்தைக் குழைத்து ஊற்றி, கல்லை மெல்லிய பொலித்தீனில் சுற்றி அதற்குள் பாதி அமிழ்த்தி வைப்பார். சாந்து காய்ந்ததும் கல்லுக்கென்றே அளவெடுத்த மாதிரி ஒரு பள்ளம் கிடைக்கும். அந்தக் கூட்டைக் கட்டையில் பூட்டினால் கல் அசையாது. ஆனால் சாந்து முழுதாகக் காய ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாளை அவர் யாருக்காகவும் குறைத்ததில்லை. ஒரே ஒரு தடவையைத் தவிர.

ஒவ்வொரு கிளாம்புக்கும் அவர் பெயர் வைத்திருந்தார். தட்டையாக அகன்றிருந்தது ஆமை. ஒரு பக்கம் கட்டையானது நொண்டி. இறுக்குவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்ட ஒன்றுக்கு மிஸ் என்று பெயர். இதை நான் கண்டுபிடிக்க இரண்டு வருடமாயிற்று. ஏன் அந்தப் பெயர் என்று அதட்டிக் கேட்டபோது, கொஞ்சம் கரடு, ஆனால் பிடித்தால் விடாது என்று முகத்தைப் பார்க்காமலே சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அவரைச் சூசை என்று கூப்பிடத் தொடங்கினேன். அவர் என்னைக் கடைசிவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டார்.

அரிந்து முடியும் தறுவாயில் துண்டு விழும். விழும்போது ஓரம் உடையும். மற்றவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை, வேண்டிய பாதி கிளாம்பில்தானே இருக்கிறது. சூசைநாதன் மற்றப் பக்கத்துக்கும் றப்பர் ஒட்டிய ஒரு சின்னத் தாங்கி செய்து கீழே வைப்பார். மினக்கெடுகிறீர்கள் என்று ஒருநாள் குறை சொன்னேன்.

"விழப்போற துண்டும் எங்கட கல்லுத்தானே, மிஸ்" என்றார்.

இனிக் கோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய வழக்கங்களில் முக்கியமானது அதுதான். கல்லைப் பூட்டி இறுக்கியதும், சீவிய பென்சிலால் ஒரு கோடு போடுவார். கோடு கல்லில் தொடங்கி, இடைவெளியைத் தாண்டி, மரக்கட்டையில் போய் முடியும். பிறகு மரச்சுத்தியலால் கல்லை நாலு பக்கமும் மெதுவாகத் தட்டுவார். தட்டிய பிறகு குனிந்து பார்ப்பார். கல்லில் உள்ள கோடும் கட்டையில் உள்ள கோடும் நேராகவே இருந்தால் கல் அசையவில்லை, அரியலாம். விலகியிருந்தால், கல்லின் கோடு இப்போது எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் கட்டையில் இரண்டாவது கோடு ஒன்று போடுவார். எவ்வளவு விலகியது என்று தெரிந்தால்தானே எந்தப் போல்ட் இளகியது என்று தெரியும் என்பார். பிறகு எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து பூட்டுவார். அவர் வேலை செய்த அத்தனை வருடத்தில் இரண்டாவது கோடு போட்ட பிறகு இயந்திரத்தைப் போட்டது ஒரே ஒருநாள்தான்.

அந்த நாளைச் சொல்கிறேன்.

கொம்பனித்தெருவில் பழைய குடியிருப்புகளை இடித்து உயரமான கட்டிடங்கள் கட்டத் தொடங்கிய காலம். அப்படி ஒரு கட்டிடத்துக்கு அத்திவாரம் தோண்டிய இடத்திலிருந்து ஒரு கல் வந்தது. ஒரு பக்கம் கூம்பு, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரு திமில். அன்று பின்னேரம் நான்கு மணிக்குள் அறிக்கை வேண்டுமென்று கட்டிடக்காரர்கள் சொன்னார்கள். முடியும் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் ஆய்வுகூடத்தின் தலைமை அதிகாரிப் பதவி காலியாகப் போகிறது என்ற பேச்சு அப்போது அடிபட்டது. என் கணவர் பாரிசவாதத்தில் படுக்கையில் இருந்தார், பிள்ளைகள் இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். இவையெல்லாம் காரணங்கள். சாட்டு இல்லை.

சூசைநாதன் கல்லைக் கண்டதுமே சாந்து குழைத்துக் கூடு ஊற்றிவிட்டார். நாளைக் காலை காய்ந்துவிடும் என்றார். இன்றைக்கே வேண்டும் என்றேன். அவர் கல்லைச் சாந்திலிருந்து தூக்கிவிட்டு ஆமையை எடுத்து, கல்லை அதில் வைத்து, பொருந்தாத இடத்துக்கு மர ஆப்பு ஒன்று செருகி இறுக்கினார். ஆப்பு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இயந்திரத்தின் மூடி முழுதாக மூடவில்லை. அதையும் நான் கண்டேன். கோடு போட்டார், தட்டினார், குனிந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கோடு விலகியிருக்கு, மிஸ்."

நானும் குனிந்தேன். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். நுணுக்குக்காட்டியில் மயிரிழையைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் சொன்ன பதில் இது. அவர் பென்சிலை மறுபடி சீவிக்கொண்டு வந்து, எனக்குத் தெரியட்டும் என்று, கட்டையில் இரண்டாவது கோட்டைப் போட்டுக் காட்டினார். அப்போது தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பரவாயில்லை, மெதுவாக அரியுங்கள் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மறுத்துப் பேசியிருக்கலாம். நான் அதிகாரி, அவர் அரிகிறவர். பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இயந்திரத்தைப் போட்டார். நான் என் கதிரைக்குப் போய் இருக்கவுமில்லை, சத்தம் கேட்டது.

கல் சறுக்கி, வாள் இறுகி வளைந்து, கல்லின் சில் ஒன்று தெறித்துக் கண்ணாடியின் ஓரத்தால் உள்ளே போயிருந்தது. வைத்தியசாலையில் இரண்டு தடவை சத்திரசிகிச்சை செய்தார்கள். இடது கண்ணில் வெளிச்சம் திரும்பவில்லை.

நான்காம் நாள் அவரைப் பார்க்கப் போனேன். என்ன சொல்லவேண்டும் என்று மனதில் அடுக்கிக்கொண்டு போனேன். அவர் என் காலடிச் சத்தத்தைக் கொண்டே ஆளை அறிந்துகொண்டார்.

"கந்தோராலை வந்து கேட்டவை, மிஸ். என்ர கவனக்குறைவு எண்டு எழுதிக் குடுத்திட்டன். இனி அதைக் கதைக்க வேண்டாம்" என்றார்.

நான் அழுதேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்பி வந்து, அந்த வாக்குமூலத்தின் கீழே மேலதிகாரி கையொப்பமிடும் இடத்தில் கையொப்பமிட்டேன். இயந்திரத்தடியில் கிடந்த ஆமையின் கட்டையைத் தூக்கிப் பழைய பலகைகளோடு மூலையில் எறிந்தேன். மூன்று மாதம் கழித்துத் தலைமை அதிகாரியானேன்.

சூசைநாதன் திரும்பி வேலைக்கு வந்தார். ஒரு கண்ணால் தூரம் மட்டிடுவது சிரமம். படியில் கால் தவறும், தேநீர் கோப்பைக்கு வெளியே ஊற்றுப்படும். வேலையில் மட்டும் ஒரு பிழையும் வரவில்லை. கோட்டைப் பார்த்துவிட்டு நகத்தாலும் தடவிப் பார்ப்பார், அது ஒன்றுதான் புதிது. என்னோடு முன்புபோலவே பேசினார், முன்புபோலவே பகிடி விட்டார். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லையும் கையில் வாங்கும்போது ஒரு கேள்வி கேட்பார்.

"அவசரமோ, மிஸ்?"

இல்லை சூசை, அவசரமில்லை என்பேன். அந்த விஷயத்தை நாங்கள் இருவரும் கதைத்ததென்றால் அவ்வளவுதான். அவர் கேட்டதில் குத்தல் இருந்ததா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

ஏழு வருடத்துக்கு முன்பு ஆய்வுகூடத்தை மூடினார்கள். பழைய இரும்புக்குப் போகவிருந்த அரியும் இயந்திரத்தைச் சூசைநாதன் கேட்டு வாங்கி, கொட்டாஞ்சேனை வீட்டின் பின்பக்கத்தில் தகரக் கூரை இறக்கி வைத்தார். அக்கம்பக்கத்தவர்கள் வீட்டிலிருக்கும் கற்களைக் கொண்டுவருவார்கள். விருப்பத்துக்கு அரிந்து கொடுப்பார். என் கணவரும் காலமாகி, பிள்ளைகளும் வெளிநாடு போன பிறகு, சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையிலிருந்து நானும் போய் அங்கே உட்கார்ந்திருப்பேன். கிளாம்பின் நட்டைப் பிடிக்கச் சொல்வார், பிடிப்பேன். அவர் இறுக்குவார். அதிகாரம் கைமாறிவிட்டது என்று பகிடியாகச் சொல்வேன்.

அந்தக் காலத்தில் கொம்பனித்தெருவிலிருந்து நஸார் நானா என்பவர் ஒரு வாசற்படிக் கல்லின் துண்டோடு வந்தார். அவர் வாப்பா காலத்து வீடு இடிபட்டுவிட்டது. சகோதரர்கள் நால்வர், நால்வருக்கும் நாலு துண்டாக அரிந்து தரவேண்டுமென்றார். வருடக்கணக்கில் கால் பட்டுத் தேய்ந்து நடுப்பக்கம் குழிந்த கல். அந்தக் குழி நாலு துண்டிலும் வரவேண்டுமென்று சூசைநாதன் மூன்று கிழமை மினக்கெட்டார். கூடு இரண்டு தடவை வெடித்தது, மூன்றாவது கூடு பிடித்தது. கல்லைப் பூட்டும்போது, வீட்டில் சகோதரிகள் இல்லையா என்று கேட்டார். தங்கச்சி ஒருத்தி இருக்கிறா, கலியாணம் முடித்துப் போனவதானே என்றார் நானா. சூசைநாதன் பூட்டியதைக் கழற்றி, கோடுகளை அழித்து, கல்லை ஐந்தாகப் பிரித்துப் புதிதாகக் கோடு போட்டார். நஸார் நானா கோடுகளை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, நீங்கள் கேட்டிராவிட்டால் நான் மறந்திருப்பேன் என்றார். மரணவீட்டுக்கு வந்தபோது அந்தத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் எல்லோரும் கவனமில்லாதவர் என்று நினைத்திருந்தார்கள்.

மற்றவர்களைவிட அதிகமாக நினைத்தவர் பிலோமினா. நினைத்தது மட்டுமில்லை, வாய்விட்டும் சொல்வார். பிலோமினா அன்பானவர், ஆனால் வாய் சும்மா இருக்காது. சூசைநாதன் கதவு நிலையில் இடித்துக்கொண்டாலும், சம்பலைத் தட்டுக்கு வெளியே போட்டாலும், அந்தப் பழைய நாள் வந்துவிடும். அண்டைக்கு ஒரு நிமிஷம் கவனமாய் இருந்திருந்தால் இண்டைக்கு இந்தக் கோலமில்லையே என்பார். பெரும்பாலும் சனிக்கிழமைகளில், என் முன்னால்தான் சொல்வார். நீங்களாவது சொல்லுங்கோ மிஸ் என்று என்னையும் சாட்சிக்கு இழுப்பார். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இஞ்சித் தேநீரைக் குடிப்பேன். சூசைநாதன் சிரித்துக்கொண்டு, மிஸ்ஸுக்கு இன்னொரு பிளேன்டீ போட்டுக்கொண்டு வா என்று மனைவியை உள்ளே அனுப்பிவிடுவார்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை தைரியம் இருக்கும். கோட்டையில் பஸ் மாறும்போது பாதி போய்விடும். மிச்சத்தைப் பிலோமினாவின் சிரித்த முகம் கரைத்துவிடும். ஏழு வருடத்தில் எத்தனை சனிக்கிழமை என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை, பார்க்கவும் மனமில்லை.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் செபத்துக்குப் போயிருந்தேன். கட்டாரிலிருந்து வந்திருந்த மகன் கோயில் காரியமாக வெளியே போய்விட்டார். வந்தவர்களும் கலைந்தார்கள். பிலோமினா என்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். மேல்தட்டிலிருந்து ஒரு கோதுமை மாப் பையை இறக்கி, அதற்குள் சுற்றியிருந்ததை எடுத்து என் கையில் தந்தார்.

"இதை எத்தனையோ தரம் எறியப் போனனான், விடவேயில்லை. இது என்னெண்டும் சொல்லமாட்டார். உங்களுக்குத் தெரியுமோ, மிஸ்?"

ஆமையின் கட்டை. நான் மூலையில் எறிந்ததை அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு தேடி எடுத்திருக்கிறார். றப்பர் உரிந்து போயிருந்தது. மரத்தில் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இரண்டு பென்சில் கோடுகள், பையின் இருட்டுக்குள் பதினெட்டு வருடம் அழியாமல் இருந்தன. ஏழு வருடச் சனிக்கிழமைகளிலும் நான் அந்தத் தட்டுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அவர் அதை யாருக்கும் காட்டவில்லை. தான் கவனமாகத்தான் இருந்தேன் என்பதற்குத் தனக்குத்தானே ஒரு சாட்சி வைத்திருந்தார், பாவம்.

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. உண்மையாகவே வந்தது. சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். நின்றபடியே சொன்னேன்.

பிலோமினா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டையை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். கோடுகள் அவருக்குப் பிடிபடவில்லை. நகத்தால் தொட்டுக் காட்டினேன்.

"இவ்வளவுதானோ?" என்று கேட்டார்.

இவ்வளவுதான் என்றேன்.

 குசினியில் கேத்தல் கொதித்துச் சத்தம் போட்டது, அவர் போகவில்லை. அழுவார் என்று நினைத்தேன், அழவுமில்லை.

"பதினெட்டு வருசம் அவரை ஏசியிருக்கிறன், மிஸ். கடைசியாய்த் தேத்தண்ணி கொண்டுபோகேக்கையும் ஏசினனான். அவர் சொல்லியிருக்கமாட்டார், அவற்ர குணம் அது. நீங்கள் சொல்லியிருக்கலாம். இதில இருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அது தன்னிடம் இல்லை, அவரிடம் கேட்டிருக்கவேண்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இல்லாத பொருளை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு கட்டையைச் சேலைத் தலைப்பால் துடைக்கப் போனவர், கோடு அழிந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, கையை எடுத்துக்கொண்டார்.

"அவர் கவனமில்லாத மனுசன் இல்லையெண்டு எழுதுங்கோ. எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதாது" என்றார்.

எழுதிவிட்டேன். மகன் இதைப் படித்துவிட்டு, இதை அச்சிடத்தான் வேண்டுமா, அப்பா விரும்பமாட்டாரே என்று தாயிடம் கேட்டாராம். அப்பா விரும்பியதையெல்லாம் செய்துதான் இவ்வளவு காலம் போனது என்று பிலோமினா சொன்னாராம். என்னைப் பழையபடி வீட்டுக்கு வரச்சொல்லிப் பிலோமினா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று பட்டறையை விட்டு வரும்போது மேசையைப் பார்த்தேன். அவர் சாய்ந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாஜரின் தகரம். அதற்குள் சாந்து. அதற்குள் பாதி அமிழ்ந்து, பொலித்தீன் சுற்றிய ஒரு சின்னக் கல். அவர் போவதற்கு முந்திய சனிக்கிழமை வெள்ளவத்தைக் கடற்கரையில் பொறுக்கி நான் கொண்டுபோய்க் கொடுத்த கல் அது. வாங்கும்போது வழக்கம்போல அந்தக் கேள்வியைக் கேட்டார், நானும் வழக்கம்போலப் பதில் சொன்னேன். அவர் கடைசியாகச் செய்த வேலை அந்தக் கல்லுக்குக் கூடு ஊற்றியதுதான்.

சூசைநாதன், அன்று கோடு விலகியிருந்தது. நீங்கள் கண்டீர்கள், எனக்கும் காட்டினீர்கள், நானும் கண்டேன். அரியச் சொன்னது நான். இதை உங்கள் காதுபடச் சொல்ல எனக்குப் பதினெட்டு வருடம் இருந்தது, ஏழு வருடச் சனிக்கிழமைகள் இருந்தன. நீங்கள் போன பிறகு சொல்கிறேன்.

தகரத்தை நான் தொடவில்லை, நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. சாந்து எப்போதோ காய்ந்திருக்கும். இருக்கட்டும், சூசை. எனக்கு அவசரமில்லை.